பழுகாமத்து வீடுகள் கேட்ட விலை

பழுகாமத்தில் ஒரு வீட்டைக் காட்டி இது யாருடையது என்று கேட்டால், பதிலாக வருவது ஒரு பெண்ணின் பெயர். தகப்பன் கடன்பட்டுக் கட்டியிருப்பார், அண்ணன் தம்பிமார் கல் சுமந்திருப்பார்கள், கணவன் பூச்சு வேலையை முடித்திருப்பார். ஆனாலும் அது அவளுடைய வீடு. மாப்பிள்ளை அங்கே வந்து சேர்ந்தவர். நான் இருக்கும் வளவு என் தாயின் வளவு. அதற்கு முன் அது அவளுடைய தாயின், எங்கள் பெத்தாவின் வளவு. இதே நிலத்தில் மண்வீடும் தகரக்கூரை வீடும் கல்வீடும் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பியதை என் ஆயுசுக்குள்ளேயே பார்த்துவிட்டேன். படிப்பித்தலில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு, எங்கள் பக்கத்தில் வீடுகள் எப்படி வந்தன, எதைக் கொடுத்து வந்தன என்று மூத்தவர்களிடம் கேட்டு எழுதிவைத்து வருகிறேன். மலிவாகக் கிடைத்த வீடு என்று ஒன்றுகூட அந்தக் கொப்பியில் இல்லை. காசு குறைந்த இடத்தில் உடலுழைப்போ, பிள்ளையைப் பிரிந்த காலமோ, நிலத்தின் மீதான உரிமையோ விலையாகப் போயிருக்கிறது.

ஊரை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், போரதீவுப்பற்றில் இருக்கிறது பழுகாமம். பிரதேச செயலகம் வெல்லாவெளியில். களுவாஞ்சிகுடிப் பக்கமிருந்து பட்டிருப்புப் பாலத்தால் வாவியைக் கடந்து போரதீவு வழியாக வரவேண்டும். திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்புக்குப் பேர்போன ஊர். வயலும் குளமும் மாடும்தான் சீவியம். கிழக்குக் கரையான எழுவான்கரையில் ஒரு துண்டு நிலம் வாங்கும் காசுக்கு இங்கே ஒரு முழு வளவே வாங்கலாம். அரச உத்தியோகம் கிடைத்த பிள்ளைகள் ஆதார வைத்தியசாலையும் கடைத்தெருவும் ரியூசன் வகுப்புகளும் உள்ள களுவாஞ்சிகுடியில் காணி தேடிப் போகிறார்கள். அந்த விலைக்கு எட்டாதவர்கள் இங்கே தங்கி, ஒவ்வொரு நாளும் பாலம் கடந்து போய் வருகிறார்கள்.

பெண்ணுக்கு வீடு என்ற வழக்கம் எங்கிருந்து வந்தது? எங்கள் பக்கத்தில் குடி என்னும் குலப்பிரிவு தாய்வழியாக வருவது. தாயின் குடிதான் பிள்ளையின் குடி. கோயில் வரிசை முதல் கலியாணப் பேச்சு வரை அதைப் பார்த்தே நடக்கும். இதற்கென்று, முக்குவர் சமூகத்தின் பேரால் முக்குவர் சட்டம் என்று தனியாக ஒன்று இருந்தது. அதன்படி ஆணுக்கு முதுசமாக வந்த சொத்து அவனுடைய பிள்ளைகளுக்குப் போகாது, சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். கிறிஸ்தோபர் பிரிட்டோ அந்தச் சட்டத்தைத் தொகுத்து 1876இல் நூலாக வெளியிட்டார். அதே ஆண்டில் வந்த 15ஆம் இலக்கச் சட்டம் நாட்டின் வாரிசுரிமை முறையைப் பொதுவாக வகுத்தது, முக்குவர் சட்டம் நீதிமன்றங்களில் வழக்கொழிந்தது. ஆனால் கலியாணத்தின்போது வீடும் வளவும் மகளுக்குப் போவது நிற்கவில்லை. சீதனம் என்ற பேரில் அது இன்னும் இறுகியது. 1969இலிருந்து அக்கரைப்பற்றில் தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இதை விரிவாக எழுதியிருக்கிறார். முக்குவர், வேளாளர் என்று மட்டுமில்லை, கிழக்குக் கரையோர முஸ்லிம் ஊர்களிலும் இதே முறைதான். காத்தான்குடியில் போய்க் கேட்டாலும் வீடு மகளுடையது என்றே சொல்வார்கள்.

நடைமுறை இப்படி. மூத்தவளுக்குக் கலியாணம் ஆனதும், அவள் பிறந்து வளர்ந்த வீடு அவளுக்கு. தாய் தகப்பன், இளைய பிள்ளைகளோடு அதே வளவில் அல்லது பக்கத்து வளவில் ஒரு புது வீட்டுக்குப் போவார்கள். அது இரண்டாவது மகளுக்கு. பிறகு இன்னொன்று. கடைசி மகளோடு தாய் தகப்பன் தங்கிவிடுவார்கள். தாயும் பெண்மக்களும் அடுத்தடுத்த வாசல்களில் இருப்பதால் பிள்ளைப்பேறு, காய்ச்சல், சண்டை எதற்கும் ஒருத்தி தனியாக நின்றதில்லை. கணவன் குடித்துவிட்டு வந்து கையை ஓங்கினால், வெளியே போகவேண்டியவன் அவன்தான். வீடு அவளுடையது, பக்கத்து வீடு அவளுடைய தாயுடையது. இந்த ஒரு பலத்துக்காகவே இந்த வழக்கத்தை நான் மதிக்கிறேன்.

அதற்கான விலையை ஆண்கள்தான் பெரும்பாலும் கொடுத்தார்கள். தங்கச்சிமாரின் வீடு முடியும் வரை கலியாணம் செய்யாமல் முப்பத்தைந்து, நாற்பது வயது வரை நின்ற அண்ணன்மார் எங்கள் ஊரில் நிறைய. என் தாய்மாமன் ஒருவர் அப்படித்தான். மூன்று தங்கச்சிமாருக்கு மூன்று வீட்டுக்கும் மண் மிதித்தவர், தனக்கென்று ஒரு வாசற்படி கூட வைத்ததில்லை. கலியாணம் ஆனபின் மாமியின் வீட்டில் இருந்தார். வயது போனபோது வந்து தங்கியது எங்கள் தாயின் திண்ணையில்.

அந்தக் காலத்து வீட்டைச் சொல்கிறேன். பெத்தாவின் வீடு இரண்டு அறையும் முன்னால் ஒரு நீளத் திண்ணையும் கொண்டது. குசினி பின்னால் தனியாக இருந்தது. மூலைகளுக்கு முதிரை அல்லது பாலைக் கப்பு. கப்புகளுக்கு இடையே காட்டுக் கம்புகளை நட்டு, குறுக்கே வரிச்சு வைத்துக் கொடியால் கட்டுவார்கள். புற்றுமண்ணை வைக்கோல் துண்டுகளோடு குழைத்து, ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் வரிச்சின் இரண்டு பக்கமும் ஆள் நின்று ஒரே நேரத்தில் அறைவார்கள். இரண்டு பக்கத்து மண்ணும் நடுவில் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். காய்ந்து வெடித்த இடங்களை மறுபடி பூசி, சாணியால் மெழுகினால் சுவர் முடிந்தது. மண் வளவிலேயே இருந்தது. கம்பு காட்டில் இருந்தது. ஆணிக்குக்கூடக் காசு போகாது.

கூரை வேறு கதை. தென்னை எழுவான்கரை மணலில் செழிக்கும், எங்கள் பக்கம் குறைவு. கிடுகு தோணியில் வாவியைக் கடந்து வரும், நெல்லும் வைக்கோலும் தயிரும் அங்கே போகும். கிடுகுக்கு வழியில்லாதவர்கள் வயலோரத்திலும் காட்டோரத்திலும் இலுக்குப் புல் அறுத்துக் கூரை மேய்ந்தார்கள். இலுக்கு கிடுகைவிட அதிக நாள் தாங்கும், ஆனால் அறுத்துக் காயவைத்துப் பிடிபிடியாகக் கட்டும் வேலை பெரிது. ஐப்பசியில் மழை விழ முன், ஆவணி புரட்டாதியில் கூரையைப் பார்த்தாகவேண்டும். பெத்தா சொல்வார்: "ஓலை போட்டு ரெண்டு மாரி கண்டாப் போதும் புள்ள, மூணாவது மாரி உள்ளுக்குத்தான் பெய்யும்."

கூரை மேய ஒரு பகல் போதும், ஆள் இருந்தால். கூலி கிடையாது. வளவுக்காரி சோறும் கறியும் ஆக்கிப் போடுவாள். அடுத்த கிழமை அவர்கள் வீட்டு மேய்ச்சலுக்கு இந்த வீட்டு ஆண்கள் போவார்கள். முறைக்கு முறை. இந்த ஏற்பாட்டை ஊர் ஒற்றுமை என்று மேடைகளில் புகழ்வதைக் கேட்டிருக்கிறேன். புகழத்தக்கதுதான். ஆனால் திருப்பி அனுப்ப ஆணில்லாத வீட்டில் என்ன நடந்தது என்பதை அவர்கள் சொல்வதில்லை. விதவைக்கும் நோயாளியின் பெண்சாதிக்கும் அதே மண்வீடு ஊரிலேயே விலை கூடிய வீடாக இருந்தது. கிடுகைக் காசுக்கு வாங்கி, மேய்வதற்குக் கூலி கொடுத்து, அதற்காக வெட்டு நாளில் அடுத்தவர் வயலில் முதுகு வளைத்தவர்கள் அவர்கள். கிடுகுக் கூரை ஒரு தீப்பொறியில் போய்விடும். பாம்பும் எலியும் அதில்தான் குடியிருக்கும். உச்சி வெயிலில் அது தந்த குளிர்ச்சியை மட்டும் பிறகு வந்த எந்தக் கூரையும் தரவில்லை.

இதைவிடவும் மலிவான வீடு ஒன்று இருந்தது. பெருநிலக்காரரான போடியாரின் நிலத்தில், போடியார் காட்டிய மூலையில், அவருடைய வயலாளான முல்லைக்காரன் போட்டுக்கொண்ட கொட்டில். நிலத்துக்கு வாடகை இல்லை. வயலைப் பார்க்க வேண்டும், பட்டியைப் பார்க்க வேண்டும், கூப்பிட்ட நேரத்துக்கு நிற்க வேண்டும். ஒரு போகம் மனம் கசந்தால் கொட்டிலும் போய்விடும். அப்படிப்பட்ட குடும்பத்துப் பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுக்க வளவு ஏது? தாய்வழி உரிமையைப் பற்றிப் பேசும்போது இவர்களை விட்டுவிட்டுப் பேசினால் அது பாதி வரலாறு.

1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு சூறாவளி வந்தது. நான் அப்போது உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். விடியும்போது எங்கள் கூரை இல்லை. பக்கத்து வளவில் கூரை இருந்தது, சுவர்கள் அதற்குக் கீழே மண்ணாய்க் கிடந்தன. கீழ்மாகாணத்தையே புரட்டிய அந்தக் காற்றில் ஆயிரம் பேர் அளவில் இறந்தார்கள், இரண்டரை லட்சம் அளவில் வீடுகள் சேதமாயின. மட்டக்களப்பு மாவட்டத்தின் 11 நெற்களஞ்சியங்களில் 9 அழிந்தன. எங்கள் வீடுகளின் கதையை மாற்றிய எண் இன்னொன்று: மாவட்டத்தில் சுமார் 28,000 ஏக்கரில் நின்ற தென்னையில் பத்தில் ஒன்பது பங்கு விழுந்துவிட்டது.

தென்னை விழுந்தால் கிடுகு இல்லை. புதிதாக வைத்த பிள்ளை ஓலை தர வருடங்கள் எடுக்கும். அதுவரைக்கும் வீட்டுக்கு மேலே எதைப் போடுவது? தகரம் வந்தது அப்படித்தான். எங்கள் வளவுக்கும் நிவாரணத் தகரம் கிடைத்தது. பழைய மண்சுவரை மறுபடி எழுப்பி, அதன் மேல் புதுத் தகரத்தை வைத்தார் அப்பா. இனிக் கூரை மேய வேண்டியதில்லை என்று அம்மா சந்தோசப்பட்டார். பங்குனி, சித்திரையில் அந்த வீட்டுக்குள் பகலில் இருக்கமுடியாது. வேப்பமர நிழலில்தான் சமையலும் படிப்பும். மேய்ச்சல் நின்றதோடு முறைக்கு முறை ஆள் போவதும் மெல்ல நின்றது. அதுவரை வீட்டு வேலைக்குக் கூப்பிட்டால் வந்தவர்கள் அதற்குப் பிறகு கூலிக்கு வந்தார்கள். கூரைத் தகரத்துக்கு ஆணி வேண்டும், ஆணிக்குக் கடைக்குப் போகவேண்டும், கடைக்குக் காசு வேண்டும். வீடு காசுக்குள் நுழைந்த வருடம் என்று நான் 1978ஐத்தான் சொல்வேன்.

அந்தக் காலத்தில்தான் கொழும்பில் பெரிய வீடமைப்புத் திட்டங்களும் தொடங்கின. வீடமைப்பு அமைச்சராக இருந்த ரணசிங்க பிரேமதாச ஒரு லட்சம் வீட்டுத் திட்டத்தை நடத்தி, 1984இல் பத்து லட்சம் வீட்டுத் திட்டத்துக்குப் போனார். அரசே கட்டிக் கொடுப்பதை விட்டு, சிறு கடன் கொடுத்து மக்களே கட்டிக்கொள்ள விடுவது அதன் வழி. 1987ஐ வீடற்றோருக்கான உறைவிட ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்ததற்குப் பின்னாலும் அவருடைய யோசனை இருந்தது. வீட்டைக் கட்டுபவன் தன் சக்திக்கேற்ப, தன் வேகத்தில் கட்டவேண்டும் என்று உலகமெங்கும் வீடமைப்பு அறிஞர்கள் பேசிய காலம் அது. எங்கள் பெத்தாமார் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். ஆனால் உலகம் உறைவிட ஆண்டு கொண்டாடிய 1987இல் படுவான்கரையில் போருக்குப் பயந்தோடாத குடும்பம் இல்லை.

போரைச் சொல்லும் முன் நிலத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். வீட்டின் பெரும் செலவு எப்போதும் நிலம்தான். 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கி, காடு வெட்டி, இலக்கமிட்ட குடியேற்றக் கிராமங்கள் பிறந்தன. எங்களுக்கு மேற்கே 35ஆம் கிராமம், 37ஆம் கொலனி, 39ஆம் கொலனி என்று பேரில்லாமல் எண்ணோடு இருப்பவை அந்த வரலாற்றின் மிச்சம். வளவு இல்லாதவனுக்கு அரசு வயலும் மேட்டு நிலமும் கொடுத்தது. போடியாரின் மூலையில் இருந்தவன் முதல்முறையாகத் தன் காலடி மண்ணைத் தன்னுடையது என்று சொல்ல அது வழி செய்தது. இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் அந்த நிலம் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த பெர்மிட் நிலம். நினைத்தபடி விற்கமுடியாது, நினைத்த இடத்தில் அடகு வைக்கமுடியாது, குறித்த அளவுக்குக் கீழே பிரிக்கமுடியாது. வாரிசைப் பெயர் குறித்து எழுதிவைக்காமல் பெர்மிட்காரர் இறந்தால், மனைவி உயிரோடிருக்கும் வரை வைத்திருக்கலாம். அவள் மறுமணம் செய்தால் அதுவும் போகும். அவளுக்குப் பிறகு சட்டத்தின் அட்டவணையில் 2022 வரை முதலில் நின்றவர்கள் ஆண்மக்கள், அவர்களிலும் மூத்தவன் முன்னால். மகள்மார் பின்னால்.

வாவியின் கரையில் ஒரு சட்டம், காட்டின் கரையில் இன்னொரு சட்டம். பழுகாமத்தில் பிறந்தவளுக்கு வீடு தாய்வழியில் வந்தது. அவளுடைய சொந்த மாமன் மகள், பத்து மைல் மேற்கே கொலனியில் பிறந்ததால், தம்பியின் பெர்மிட் நிலத்தில் அவன் தயவில் இருந்தாள். மூன்று பெண்பிள்ளைகள் இருந்தால் மூன்று வளவாகப் பிரித்துக்கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை. மக்கள் வாய்ச்சொல்லில் பிரித்தார்கள். வேலி போட்டு, கிணறு வெட்டி, வீடு கட்டி, மகளைக் குடிவைத்தார்கள். தகப்பன் கண்ணை மூடியதும் அண்ணன்மார் பெர்மிட்டை எடுத்துக்கொண்டு வெல்லாவெளிக்குப் போனார்கள். எங்கள் பாடசாலைக்கு வந்த பிள்ளைகளில் எத்தனையோ பேரின் தாய்மார் இந்த வழக்கில் அலைந்தவர்கள்.

காட்டோர நிலம் மலிவாக இருப்பதற்கு யானையும் ஒரு காரணம். தும்பங்கேணி, திக்கோடை, மாலையர்கட்டுப் பக்கங்களில் வெட்டு முடிந்து நெல் வீட்டுக்குள் வந்தால் யானையும் பின்னால் வரும். மூடையின் மணம் அறிந்து சுவரைத் தள்ளும். மண்சுவர் என்றால் ஒரு தள்ளு, கல்சுவர் என்றால் இரண்டு. அதனால் அங்கே நெல்லை வீட்டில் வைக்கப் பயந்து, அறுத்த கையோடு வயலிலேயே கிடைத்த விலைக்கு விற்றுவிடுகிறார்கள். விலை ஏறும்வரை நெல்லை வைத்திருந்து விற்கும் ஆதாயம் கரையோர ஊர்க்காரனுக்குத்தான். நிலத்தில் மிச்சம் பிடித்த காசு இப்படி ஒவ்வொரு போகமும் கையைவிட்டுப் போகிறது. யானை மிதித்த உயிர்களை இந்தக் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

போர்க்காலத்தைச் சுருக்கிச் சொல்கிறேன். 1990க்குப் பிறகு படுவான்கரைக்குச் சீமெந்தும் இரும்பும் எளிதில் வரமுடியாத காலம் இருந்தது. பாலத்தடியில் தடைமுகாம். ஒரு பை சீமெந்துக்குக் கடிதம் வேண்டும். கல்வீடு கட்டத் தொடங்கியவர்கள் சுவரோடு நிறுத்தி, மறுபடி இலுக்குக்கும் மண்ணுக்கும் திரும்பினார்கள். எரிந்தால் மண்வீட்டை ஒரு மாதத்தில் எழுப்பலாம். அந்தக் காலத்தில் அது பெரிய பலம். 2007இன் தொடக்கத்தில் சண்டை நெருங்கி, ஊரோடு வாவியைக் கடந்து எழுவான்கரையில் தறப்பாளுக்குள் இருந்துவிட்டுச் சில மாதங்களில் திரும்பினோம். திரும்பியபோது கல்வீடுகளில் ஓடும் நிலையும் கதவும் கழற்றப்பட்டிருந்தன. மண்வீடுகளில் கழற்ற ஒன்றும் இருக்கவில்லை. மாரி நனைத்துச் சுவர் விழுந்திருந்தது, அவ்வளவுதான்.

இதற்கிடையே வீட்டுத் திட்டங்களும் வந்தன. 2004 டிசம்பர் 26இன் கடல்கோளுக்குப் பிறகு எழுவான்கரையில் கட்டிய மீள்குடியேற்ற வீடுகள் பலவற்றின் பத்திரம் 'குடும்பத் தலைவர்' என்ற பேரில் கணவனுக்கு எழுதப்பட்டது. கடல் எடுத்த வீடு மனைவியின் சீதன வீடு. பதிலாக வந்த வீடு கணவனுடையது. ஒரு படிவத்தில் இருந்த ஒரு கோட்டால், தாயிடமிருந்து மகளுக்கு வந்த உரிமை கைமாறியது. கீழ்மாகாணப் பெண்களைப் பற்றி ஆராய்ந்த கஞ்சன ருவன்புர, தாய்வழிச் சொத்துரிமையைப் பார்த்து இங்கே பெண்கள் ஆட்சி நடக்கிறது என்று மயங்கவேண்டாம் என்று எச்சரித்தவர். நான் அதை ஒப்புக்கொள்கிறேன். வீடு அவள் பேரில் இருக்கும், முடிவு அவள் கையில் இராது. ஆனாலும் பேராவது இருந்தால் வாசலில் நின்று பேச ஒரு காலடி இருக்கிறது. அதையும் எடுத்துவிட்டால்?

படுவான்கரைக்கு வந்த பெரிய திட்டம் இந்திய வீட்டுத் திட்டம். 2010இல் அறிவித்த 50,000 வீடுகளில் பெரும்பகுதி வடக்குக்கும் கிழக்குக்கும். ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபாய், கட்டக் கட்டத் தவணையாக. வீட்டுக்காரரே கட்டவேண்டும். இரண்டு அறை, விறாந்தை, குசினி, மலசலகூடம், குறைந்தது 550 சதுர அடி. எங்கள் பக்கத்துக்கு வந்தபோது மண்வீட்டிலும் கொட்டிலிலும் இருந்தவர்கள் கல்லுக்குள் போனார்கள். 2011 சனவரி வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் பாய்படுக்கையைத் தூக்கி நின்றவர்களுக்கு உயர்ந்த அத்திவாரம் எவ்வளவு பெரிய விடயம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அந்த வீடுகளுக்கு நான் நன்றியோடு இருக்கிறேன்.

காசு போதவில்லை என்பதும் உண்மை. அத்திவாரம் முடித்தால்தான் அடுத்த தவணை. அத்திவாரம் முடிக்கக் கல்லும் மணலும் முன்கூட்டியே வேண்டும். எல்லாரும் ஒரே நேரத்தில் கட்டியதால் மேசன் கூலியும் ஏறியது. காதுத்தோடு அடகுக்குப் போனது, கறவை மாடு போனது. கலியாண வயதில் மகள் இருந்தால், திட்டத்தின் அளவோடு நிறுத்தாமல் இன்னொரு அறையும் முன்மண்டபமும் சேர்த்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வருவார்களே! மிச்சத்துக்கு நுண்கடன். கிழமைக்குக் கிழமை வாசலுக்கு வந்து நின்ற வசூல்காரர்களுக்குப் பயந்து பெண்கள் வளவின் பின்பக்கம் ஒளிந்த காலம் அது. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு லட்சம் ரூபாய்க்குட்பட்ட பெண்களின் நுண்கடனை அரசே தள்ளுபடி செய்யவேண்டிய நிலை வந்தது என்றால் நாட்டில் அந்தக் கடன் எவ்வளவு பரவியிருந்தது என்று பாருங்கள்.

மகளின் வீட்டுக்காக வெளிநாடு போன தாய்மார் இன்னொரு பக்கம். குவைத்தும் சவூதியும் எங்கள் ஊர்ப் பேச்சில் பக்கத்து ஊர் மாதிரி ஆகிவிட்டன. என் வகுப்பில் பெத்தாவோடு வளர்ந்த பிள்ளைகளுக்கு நான் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். தாய்க்குக் கடிதம் எழுதச் சொன்னால் முதல் வரியிலேயே வீடு எந்த அளவில் நிற்கிறது என்று எழுதுவார்கள். சுவர் முடிந்தது அம்மா, கூரைக்கு வந்தால் போதும் அம்மா. ஒரு பெண்ணுக்குத் தாய் வீடு கிடைப்பதற்காக அவளுக்குத் தாயே கிடைக்காமல் போன வருடங்கள் அவை. இந்த விலை எந்தத் திட்ட அறிக்கையிலும் இல்லை.

2015, 2016இல் 65,000 இரும்பு வீடுகள் தருவதாக ஓர் ஏற்பாடு வந்தது. ஆர்செலர் மித்தல் நிறுவனத்தின் முன்பொருத்து வீடு, ஒன்று சுமார் 21 லட்சம் ரூபாய். வடக்கிலும் கிழக்கிலும் எதிர்ப்பு எழுந்தது. அந்தக் காசுக்கு இரண்டு கல்வீடு கட்டலாம், ஊர் மேசனுக்கும் தச்சனுக்கும் வேலை கிடைக்கும், இந்த வெயிலில் இரும்புச் சுவருக்குள் எப்படி இருப்பது என்று பொறியியலாளர்களும் மக்கள் பிரதிநிதிகளும் கேட்டார்கள். திட்டம் கைவிடப்பட்டது. சரியான முடிவு. ஒரு சுவரைத் தள்ளி இன்னோர் அறை சேர்க்கமுடியாத வீடு எங்கள் பக்கத்துக்கு உதவாது. மகள் வளர்ந்தால் வீடும் வளரவேண்டும்.

மண்ணை நாம் கைவிட்ட அவசரத்தை மட்டும் என்னால் இன்னும் ஏற்கமுடியவில்லை. கேரளத்தில் கட்டடக்கலைஞர் லோரி பேக்கர் பல ஆண்டுகள் உள்ளூர்ப் பொருளாலும் மண்ணாலும் குறைந்த செலவில் கட்டிக் காட்டினார். போருக்குப் பின் வந்த ஒரு திட்டத்தில் மட்டக்களப்பிலும் அழுத்திய மண்கல்லால் வீடுகள் எழும்பின. நல்ல வீடுகள். ஆனால் மண் என்ற சொல்லைக் கேட்டதும் மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளிக்கிறார்கள். 2022இல் சீமெந்துப் பை 2,500 ரூபாயைத் தாண்டி ஏறியபோது, பாதியில் நின்ற சுவர்கள் ஊரெங்கும் மழையில் பாசி பிடித்தன. ஆட்சி மாறியதும் அரச வீட்டுத் திட்டத்தின் தவணை நின்று, கூரை போடாமலே விடப்பட்ட வீடுகளும் அவற்றோடு நிற்கின்றன. அவற்றின் ஓரத்தில் தகரக் கொட்டில் போட்டு, கடனையும் கட்டிக்கொண்டு குடும்பங்கள் இருக்கின்றன. எந்தத் திட்டமும் இனி வந்தால், புதிய பெயர்ப்பட்டியல் எடுக்க முன் இந்தச் சுவர்களுக்குக் கூரை போடவேண்டும்.

2022இல் காணி அபிவிருத்திச் சட்டம் திருத்தப்பட்டது. வாரிசு அட்டவணையில் ஆண்மக்களுக்கு இருந்த முன்னுரிமை நீங்கியது. எண்பத்தேழு வருடம் எடுத்திருக்கிறது. ஆனால் வாரிசு பெயர் குறிக்காத பெர்மிட்டில் இன்னும் மூத்த பிள்ளை ஒருவருக்குத்தான் முதலிடம். வாய்ச்சொல்லில் வேலி போட்டு மகளைக் குடிவைத்திருக்கும் தகப்பனுக்கு அந்தத் திருத்தம் தானாக உதவாது.

அதனால் கொலனிகளில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பெர்மிட்டை எடுத்துப் பாருங்கள். வாரிசு என்ற இடம் காலியாக இருந்தால் உயிரோடு இருக்கும்போதே வெல்லாவெளிக்குப் போய், அந்த வீட்டில் யார் இருக்கப்போகிறாளோ அவளுடைய பெயரைப் பதியுங்கள். பழுகாமத்திலும் கரையோர ஊர்களிலும் உறுதிக் காணி வைத்திருப்பவர்கள், சீதனத்தை வாய்ச்சொல்லோடு விடாமல் நொத்தாரிசிடம் எழுதுங்கள். வீட்டுத் திட்டப் படிவம் வந்தால், நிலம் மனைவியின் பேரில் இருக்கும்போது வீட்டையும் அவள் பேரிலேயே கேளுங்கள். உத்தியோகத்தர்கள் குடும்பத் தலைவர் யார் என்று கேட்பார்கள். வளவு யாருடையதோ அவளுடைய பெயரைச் சொல்லுங்கள்.